ஆரோனியன் – ஆனந்த், 2013: மனப்பாடமா, ஆட்டமா?

கேள்வி. ஜனவரி 14, இரவு 9.40

ஒவ்வொரு பொங்கலுக்கும் யாராவது ஒருவர் 2013-இல் விஸ்வநாதன் ஆனந்த் ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியனை 23 நகர்த்தலில் சாய்த்த செஸ் ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அது வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துத் தயாரித்த ஆட்டம்தானே? மனப்பாடம் பண்ணியதைப் பலகையில் ஒப்பித்ததற்கு இவ்வளவு கொண்டாட்டம் எதற்கு? எதிராளிக்குத் தெரியாத ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்த்தல் வரிசையை, கொண்டுபோய்ப் போட்டால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 14, இரவு 11.15

நான் சொல்கிறேன். அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்தவன் நான். 2013 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம். ஆட்டம் நடந்த நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஜேயில் அப்போது மதியம். நான்காவது சுற்று. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்தாவது நகர்த்தலில் எழுந்து நின்றுவிட்டேன், என்ன ஆச்சு என்று அம்மா கேட்டார்.

பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரோனியன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு. எழுத்தும் எண்ணும் சேர்ந்தால் கட்டத்தின் பெயர், காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய், × என்றால் வெட்டு, காஸ்லிங் என்றால் ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது. எண்ணுக்குப் பின்னால் மூன்று புள்ளி (…) வந்தால் அது கறுப்பின் நகர்த்தல். ஆட்டம் இதுதான்:

1.டி4 டி5 2.சி4 சி6 3.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4.குதிரை சி3 ஈ6 5.ஈ3 பி8 குதிரை டி7 6.பிஷப் டி3 டி×சி4 7.பிஷப்×சி4 பி5 8.பிஷப் டி3 பிஷப் டி6 9.காஸ்லிங் காஸ்லிங் 10.ராணி சி2 பிஷப் பி7 11.ஏ3 யானை சி8 12.குதிரை ஜி5 சி5 13.குதிரை×ஹெச்7 குதிரை ஜி4 14.எஃப்4 சி×டி4 15.ஈ×டி4 பிஷப் சி5 16.பிஷப் ஈ2 டி7 குதிரை ஈ5 17.பிஷப்×ஜி4 பிஷப்×டி4 செக் 18.ராஜா ஹெச்1 குதிரை×ஜி4 19.குதிரை×எஃப்8 எஃப்5 20.குதிரை ஜி6 ராணி எஃப்6 21.ஹெச்3 ராணி×ஜி6 22.ராணி ஈ2 ராணி ஹெச்5 23.ராணி டி3 பிஷப் ஈ3. வெள்ளை ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது.

ஓப்பனிங்கின் பெயர் செமி ஸ்லாவ், அதில் மெரான் கிளை. எதிராளிக்குத் தெரியாத ஓப்பனிங் என்று எழுதியிருக்கிறீர்கள். மெரான் 1924-லிருந்து ஆடப்படுகிறது. லெவோன் ஆரோனியனுக்கு மெரான் தெரியாது என்பது, ஓதுவாருக்குத் தேவாரம் தெரியாது என்று சொல்வது போல.

தயாரிப்பு உண்டு, அதை யாரும் மறைக்கவில்லை. 2012 மே மாதம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டிக்காகச் சேர்த்து வைத்த சரக்கு இது என்று ஆனந்தே சொன்னார். அங்கே அது தேவைப்படவில்லை. எட்டு மாதம் கழித்து இன்னொருவர் மேல் இறங்கியது.

மனப்பாடம், தயாரிப்பு இரண்டையும் நீங்கள் ஒன்றாக்குகிறீர்கள். அங்கேதான் எனக்கு உங்களோடு வழக்கு. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 15, காலை 6.30

முதலில் என் கதை. மனப்பாடம் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும், அதனால் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வார இறுதிப் போட்டிக்கு மெரானை உருப்போட்டுக்கொண்டு போனேன். 8…ஏ6, பிறகு வெள்ளை 9.ஈ4, நான் 9…சி5, அங்கிருந்து இருபது நகர்த்தல் வரை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், ஒரு தப்பும் வரவில்லை. மூன்றாவது சுற்றில் எதிரே உட்கார்ந்த பையனுக்குப் பதினாலு வயது இருக்கும். எட்டாவது நகர்த்தல் வரை நோட்டுப்படியே ஆடினான். ஒன்பதாவதில் ஈ4 தள்ளாமல் காஸ்லிங் செய்தான்.

என் நோட்டில் அந்தப் பக்கமே இல்லை. ஈ4 வந்தால்தான் சி5 என்று மண்டையில் பதிந்திருந்தது. ஈ4 வரவில்லை, ஆகவே சி5-யும் தள்ளவில்லை. பிஷப்பை பி7-இல் வைத்தேன், காஸ்லிங் செய்தேன், யானையை நகர்த்தினேன். பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குள் அவன் என் சி5-ஐ அமுக்கிவிட்டான். அந்த பி7 பிஷப் ஆட்டம் முடிகிறவரை சி6 சிப்பாயின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றது. தோல்வி.

மெரானில் கறுப்பின் உயிர் அந்த சி5 தள்ளலில் இருக்கிறது. டி5 சிப்பாயைக் கொண்டு சி4-ஐ வெட்டுவதும் பி5 தள்ளுவதும் பிஷப்பை பி7-இல் வைப்பதும், ஒருநாள் சி6 சிப்பாய் சி5-க்கு நகர்ந்து அந்த மூலைவிட்டக் கோடு திறக்கும் என்பதற்காகத்தான். பி7-இல் நிற்கும் பிஷப் நேராக ஜி2-வைப் பார்க்கிறது, அதற்குப் பின்னால் வெள்ளை ராஜா. இது தெரியாமல் நகர்த்தல்களை மட்டும் வைத்துக்கொண்டு நான் போனேன்.

இப்போது ஆனந்தின் 12…சி5-ஐப் பாருங்கள். ஆரோனியன் குதிரையை ஜி5-க்குக் கொண்டு வந்து ஹெச்7-ஐக் குறிவைத்திருக்கிறார். பிஷப்பும் ராணியும் ஏற்கெனவே அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. யாராக இருந்தாலும் ஹெச்6 தள்ளலாமா, ஜி6 தள்ளலாமா என்று யோசிப்பார்கள். அந்த நேரத்தில் சி5! ஹெச்7 வேண்டுமா, எடுத்துக்கொள், என் பிஷப்புக்கு வழி திறந்துவிட்டது என்கிற நகர்த்தல் அது.

ஜனவரி 15, காலை 6.50

பிஷப்பை ஏன் மந்திரி என்று எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் தாத்தா ராணியைத்தான் மந்திரி என்பார். பள்ளியில் பிஷப்தான் மந்திரி. அப்புறம் ஒரு நண்பன் வீட்டில் அதே காய்க்கு ஒட்டகம் என்று பெயர். மந்திரி என்று எழுதினால் பாதிப் பேர் ராணியை நகர்த்திவிட்டு ஆட்டம் தப்பு என்பார்கள். அதனால் பிஷப். மற்றபடி யானை யானைதான், அதைக் கோட்டை என்று என்னால் சொல்ல முடியாது.

ஜனவரி 15, இரவு 10.05

சரி, ஆட்டத்தின் நடுப்பகுதி.

13.குதிரை×ஹெச்7. அந்தக் குதிரையை எஃப்6 குதிரையால் வெட்டினால் வெள்ளை பிஷப் செக்கோடு திரும்ப வெட்டும். ஆனந்த் வெட்டவில்லை. தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார். இப்போது டி6 பிஷப் ஹெச்2-வைப் பார்க்கிறது, ஜி4 குதிரையும் ஹெச்2-வைப் பார்க்கிறது, ராணி ஹெச்4-க்கு வரலாம். ஆரோனியன் 14.எஃப்4 தள்ளி பிஷப்பின் கோட்டை அடைத்தார். நியாயமான நகர்த்தல். ஆனால் எஃப்4 தள்ளினால் ஜி1-லிருந்து ஏ7 வரை போகும் கோட்டில் எஃப்2 கட்டம் காலியாகிறது. ஒரு கதவைச் சாத்தும்போது இன்னொன்று திறந்துகொண்டது.

14…சி×டி4 15.ஈ×டி4, உடனே 15…பிஷப் சி5. நான் எழுந்து நின்றது இங்கேதான். டி4 சிப்பாயின் வாயில் பிஷப்பைக் கொண்டுபோய் வைக்கிறார். எஃப்8 யானையை ஹெச்7 குதிரை ஏற்கெனவே மிரட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நகர்த்தலில் இன்னொரு குதிரையையும் ஈ5-இல் கொண்டுபோய் எஃப்4 சிப்பாயின் வாயில் வைக்கிறார்.

அந்தக் குதிரையை 17.எஃப்×ஈ5 என்று வெட்டினால் என்ன ஆகும்? பலகையில் வைத்துப் பாருங்கள், கையால் நகர்த்திப் பார்த்தால்தான் ருசி. ராணி டி4-ஐ வெட்டி செக். ராஜா ஹெச்1-க்குப் போகிறது. ராணி நேராக ஜி1-இல் போய் உட்காருகிறது, செக். ராஜா வெட்ட முடியாது, சி5 பிஷப் அங்கே காவல். எஃப்1 யானைதான் வெட்டியாக வேண்டும். யானை ஜி1-க்கு வந்ததும் குதிரை எஃப்2-இல் மேட். ராஜாவுக்குப் பக்கத்தில் யானை, முன்னால் இரண்டு சிப்பாய், மூச்சுவிட இடமில்லை. வெள்ளை ராணி சி2-இல் இருந்துகொண்டு எஃப்2 குதிரையை வெட்டலாமே என்றால், நடுவில் ஈ2-இல் அதன் சொந்த பிஷப் நிற்கிறது. 16-ஆவது நகர்த்தலில் ஆரோனியன் பின்வாங்கிய அதே பிஷப்.

இந்த மேட் ஆட்டத்தில் வரவில்லை, ஆரோனியன் அதைப் பார்த்துவிட்டார். ஜி4 குதிரையை வெட்டி, கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார்.

19…எஃப்5 பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனந்தின் யானை போய்விட்டது, அந்த யானையை வெட்டிய குதிரை எஃப்8-இல் தனியாக நிற்கிறது, ராஜாவே வெட்டலாம். வெட்டினால் வெள்ளை ராணி சி2-லிருந்து ஹெச்7-க்குப் பாய்ந்துவிடும். ஆனந்த் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளினார். ராணியின் பாதை அடைபட்டது, ஜி4 குதிரைக்கும் துணை கிடைத்தது. இவ்வளவு அமளியில் இப்படி ஓர் அமைதியான சிப்பாய் நகர்த்தல். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தது இதுதான்.

மொத்தத்தில் கறுப்பு ஒரு குதிரையையும் ஒரு யானையையும் பலி கொடுத்து ஜெயித்தது.

ஜனவரி 16, காலை 7.20

நேற்றைய கடைசி வரி தப்பு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. இரவு பலகையில் காய்களை எண்ணிப் பார்த்தேன். ஜி4 குதிரை போனதற்கு வெள்ளையின் பிஷப் கிடைத்தது. எஃப்8 யானை போனதற்கு, சுற்றி அலைந்த குதிரை கடைசியில் ஜி6-இல் கிடைத்தது. ஆகவே கொடுத்தது ஒரு யானை, வாங்கியது ஒரு குதிரை. சிப்பாய்கள் இரு பக்கமும் ஐந்தைந்து. கடைசி நிலையில் வெள்ளையிடம் ராணி, இரண்டு யானை, ஒரு பிஷப், ஒரு குதிரை. கறுப்பிடம் ராணி, ஒரு யானை, இரண்டு பிஷப், ஒரு குதிரை.

அதாவது ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர் கையில்தான் கனம் அதிகம். கணக்கில் முன்னால் இருந்துகொண்டு தோற்றிருக்கிறார். இத்தனை வருஷம் பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரி 16, இரவு 9.30

ரூபின்ஸ்டைன் ஆட்டத்தின் நகல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நகல் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒப்பீடு சரி. அன்றைக்கே உலகம் முழுக்க அப்படித்தான் பேசினார்கள்.

1907, போலந்தில் லோட்ஸ் நகரம். ரோட்லெவி வெள்ளை, அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பு. ஓப்பனிங் டராஷ் தடுப்பாட்டம். 22-ஆவது நகர்த்தலில் ராணியை ஹெச்4-இல் வெட்டுக்கு விட்டுவிட்டு யானையால் சி3 குதிரையை வெட்டுகிறார். ராணியைச் சிப்பாய் வெட்டுகிறது. அடுத்த யானை டி2-இல் போய் வெள்ளை ராணியின் மடியில் உட்காருகிறது. அதையும் வெட்டியாகிவிட்டது. பிஷப் ஈ4-ஐ வெட்டி செக், கடைசியில் யானை ஹெச்3. ஹெச்2-இல் மேட்டைத் தடுக்க வழியில்லை. 25 நகர்த்தல், முடிந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் கறுப்பின் இரண்டு பிஷப்பும் வெள்ளை ராஜாவின் வீட்டைப் பார்க்கின்றன. இரண்டிலும் குதிரை ஜி4-க்குப் பாய்கிறது. இரண்டிலும் வெள்ளை எஃப்4 தள்ளியிருக்கிறது, ராஜா ஹெச்1-இல் ஒடுங்குகிறது. நூற்றாறு வருஷ இடைவெளியில் ஒரே உருவம். ஆனந்தின் மனதில் ரூபின்ஸ்டைனின் ஆட்டம் படமாக நின்றிருக்கிறது, அதனால்தான் அந்த நகர்த்தல்கள் அவர் கையில் வந்தன என்பது என் கட்சி.

ஜனவரி 17, காலை 6.10

ரோட்லெவி பற்றி ஒரு வார்த்தை. அவர் பெயரைச் சொன்னாலே தோற்ற அந்த ஒரு ஆட்டம்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. 1911-இல் கார்ல்ஸ்பாடில் 26 பேர் ஆடிய பெரிய போட்டியில் நான்காவது இடம் பிடித்தவர் அவர். பிறகு உடம்பும் மனசும் ஒத்துழைக்காமல் ஆட்டத்தையே விட வேண்டிவந்தது. 1920-இல், முப்பது வயதை ஒட்டி, இறந்துபோனார். ரூபின்ஸ்டைனின் பிற்காலமும் மனநோயில்தான் கழிந்தது. 1912-இல் ஒரே ஆண்டில் ஐந்து பெரிய போட்டிகளில் முதலிடம் பெற்றவர். அப்போதைய உலகச் சாம்பியன் லாஸ்கரோடு உலகப் பட்டத்துக்கு மோதும் ஏற்பாடு நடந்தபோது முதல் உலகப் போர் வந்து அதைத் தின்றுவிட்டது. இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் அந்த இரண்டு பேரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 18, இரவு 11.40

நேற்றிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. 16-ஆம் தேதி நான் போட்ட கட்சியைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

ரூபின்ஸ்டைன் ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து மறுபடி ஆடிப் பார்த்தேன். முடிவை மட்டும் பார்த்துப் பார்த்து, தொடக்கத்தை நான் கவனித்ததே இல்லை. 11…டி×சி4 12.பிஷப்×சி4 பி5 13.பிஷப் டி3. இது எங்கேயோ பார்த்தது போலத் தோன்றுகிறதா? ஆனந்த் ஆட்டத்தில் 6…டி×சி4 7.பிஷப்×சி4 பி5 8.பிஷப் டி3. அட்சரம் பிசகாமல் அதே மூன்று அசைவு! வெள்ளை பிஷப் டி3-க்கு வந்து, சி4-இல் வெட்டி, விரட்டப்பட்டு மறுபடி டி3-க்கே திரும்புகிறது. கறுப்புக்கு பி5 இலவசம், பின்னாலேயே பிஷப் பி7.

மெரான் என்ற பெயர் எப்படி வந்தது? வட இத்தாலியில் மெரானோ என்ற ஊர். 1924-இல் அங்கே நடந்த போட்டியில் க்ருன்ஃபெல்டுக்கு எதிராகக் கறுப்பில் இதை ஆடியவர் சாட்சாத் ரூபின்ஸ்டைன்.

ஆக, ரூபின்ஸ்டைனின் படம் ஆனந்தின் மனதில் இருந்ததோ இல்லையோ, ரூபின்ஸ்டைனின் ஓப்பனிங் பலகையில் இருந்தது. சி4-இல் வெட்டி, பி5 தள்ளி, பி7-இல் பிஷப்பை வைத்து, மற்ற பிஷப்பை டி6-க்குக் கொண்டு வந்தால், வெள்ளை காஸ்லிங் செய்த பக்கத்தின் மேல் இரண்டு பீரங்கிகள் நிற்கும். பிறகு நடுச் சிப்பாய்கள் கழன்றால் போதும், அந்த உருவம் தானாகவே எழுந்து வரும். இரண்டு ஆட்டமும் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் இரண்டும் ஒரே விதையிலிருந்து முளைத்தவை என்பதுதான். நான் முதலில் சொன்னதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜனவரி 19, நள்ளிரவு 12.15

முந்தைய குறிப்பில் ஒரு திருத்தம். 8…பிஷப் டி6-யும் ரூபின்ஸ்டைன் காலத்துச் சரக்கு என்று அர்த்தம் வருகிறது. மெரானின் பழைய, பிரபலமான வழி 8…ஏ6. பிஷப்பை உடனே டி6-க்குக் கொண்டு வருவதும் ஏ6 தள்ளாமலேயே சி5-க்கு வேலை பார்ப்பதும் பிற்காலத்து விருப்பம். ஏ6-க்குச் செலவாகும் ஒரு நகர்த்தல் இங்கே யானை சி8-க்குப் போகிறது. அந்த ஒரு நகர்த்தல் மிச்சமானதால்தான் 12-ஆவதில் சி5 அவ்வளவு சுடுகிறது.

ஜனவரி 20, மாலை 5.00

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "அதுதான் தயாரிப்பு என்று ஒத்துக்கொண்டீர்களே, அப்புறம் என்ன?" என்கிறார்.

தயாரிப்பில் கேவலம் ஏதுமில்லை. 2008 பானில் க்ராம்னிக்கோடு நடந்த உலகப் பட்டப் போட்டியை எடுங்கள். மூன்றாவது ஆட்டம், ஆனந்த் கறுப்பு, அதே மெரான், இம்முறை 8…ஏ6. 14-ஆவதில் பிஷப் பி7 என்று சிப்பாயைக் கொடுத்துத் தாக்குதலுக்குப் போனார், ஜெயித்தார். ஐந்தாவது ஆட்டத்தில் க்ராம்னிக் அதே பாதைக்குள் மறுபடி வந்தார். இடையில் அவருக்கும் அவர் குழுவுக்கும் நாட்கள் இருந்தன, ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் இஞ்சின் இருந்தது. ஆனந்த் 15-ஆவது நகர்த்தலில் பாதையை மாற்றினார், அதையும் ஜெயித்தார். அந்த ஐந்தாவது ஆட்டத்தை முடித்தது ஓப்பனிங் அல்ல. 29-ஆவதில் க்ராம்னிக் ஒரு சிப்பாயை வெட்ட, 34-ஆவதில் ஆனந்தின் குதிரை ஈ3-இல் போய் விழுந்தது. அதை வெட்டினால் கறுப்புச் சிப்பாய் ஒன்று ஈ3-க்கு வந்து, அதற்குமேல் அதைத் தடுக்க ஆளில்லை. அவ்வளவு தூரத்துக்கு நோட்டில் எழுதிக்கொண்டு போக முடியாது.

தயாரிப்பு மட்டும் போதாது என்பதற்கு 1918 நியூயார்க்கே சாட்சி. அமெரிக்காவின் மார்ஷல் தன் புதுத் தாக்குதலைக் கொண்டுபோய்க் கியூபாவின் காபாபிளாங்காவின் மேல் விட்டார். காபாபிளாங்கா உட்கார்ந்து யோசித்தே ஒவ்வொரு அடியாகத் தடுத்து 36 நகர்த்தலில் ஜெயித்தார். தயாரித்தவர் தோற்றார். பின்னாளில் மார்ஷலின் அந்தத் தாக்குதல் உலகம் முழுக்க ஆடப்படும் வழியாகிவிட்டது, அது வேறு.

எட்டு மாதத்துக்கு முன்னால் இன்னொருவருக்காகப் பார்த்து வைத்த ஒரு கிளை, திடீரென்று ஒரு மதியம் பலகையில் வந்து நிற்கிறது. ஏன் அந்த பிஷப் சி5-க்குப் போக வேண்டும் என்பது புரிந்திருந்தால்தான் அந்த நேரத்தில் கை துணிந்து நகரும். நான் அந்தப் பதினாலு வயதுப் பையன் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இல்லாதது அதுதான்.

ஜனவரி 21, காலை 7.45

வெய்க் ஆன் ஜே எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டவருக்கு: நெதர்லாந்தில் வட கடலோரம் ஒரு சின்ன கிராமம். பக்கத்திலேயே பெரிய இரும்பு ஆலை. 1938-இல் அந்த ஆலையின் போட்டியாகப் பக்கத்து பெவர்வெய்க்கில் தொடங்கி, 1968-இல் இந்தக் கிராமத்துக்கு வந்தது. ஹூகோவன்ஸ், கோரஸ் என்று பெயர் மாறி இப்போது டாடா ஸ்டீல். போட்டியின் விருந்தில் பட்டாணி சூப் கட்டாயம். போர் முடிந்த பஞ்ச காலத்தில் அதுதான் கிடைத்தது, அப்படியே வழக்கமாகிவிட்டது. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஜனவரிக் குளிரில் அந்தச் சூப்பைக் குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். ஆனந்த் அங்கே ஐந்து முறை முதலிடத்தில் முடித்திருக்கிறார், சிலவற்றைப் பகிர்ந்துகொண்டு. 2013-இல் பட்டம் கார்ல்சனுக்குப் போனது, 13-க்கு 10 புள்ளி. அதே வருஷம் நவம்பரில் சென்னையில் உலகப் பட்டமும் அவரிடம் போனது. அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு நவம்பருக்கு முன்னால் இந்த மாட்டுப் பொங்கல் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது.

ஜனவரி 25, இரவு 10.20

கடைசி நிலையைப் பற்றி இன்னும் எழுதவில்லை. யானை கூடுதலாக வைத்துக்கொண்டு ஏன் விட்டுக்கொடுத்தார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அக்கா மகளும் அதையே கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. காய்களை அடுக்கிக் காட்டினேன்.

வெள்ளை ராஜா ஹெச்1-இல். கறுப்பு ராணி ஹெச்5-இல். ஹெச்3-இல் வெள்ளைச் சிப்பாய், ஜி4-இல் கறுப்புக் குதிரை. "குதிரையைச் சிப்பாயால வெட்டிடலாமே மாமா" என்றாள். ஹெச்3 சிப்பாய் நகர்ந்தால் ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவில் யாருமில்லை, ஆகவே அது கட்டுண்டது. "சரி, ராணி வந்து ஹெச்3-ஐ வெட்டினா ஜி2 சிப்பாயால வெட்டலாம்." அதுவும் முடியாது. பி7-இல் நிற்கும் பிஷப் அந்தக் கோடு முழுக்க வந்து ஜி2-வைக் கட்டிப்போட்டிருக்கிறது. 12-ஆவதில் சி5 தள்ளிய நாளிலிருந்து அது அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு அடிகூட நகரவில்லை.

ஆகவே ராணி×ஹெச்3 மேட் என்பது மிரட்டல். ஆரோனியன் 23.ராணி டி3 ஆடியது அதற்குத்தான். மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டு ராணி ஹெச்3-ஐக் காக்கிறது. டி3, ஈ3, எஃப்3, ஜி3, ஹெச்3, வழியில் தடை இல்லை.

"இப்போ கறுப்பு என்ன ஆடும்?" என்று கேட்டுவிட்டுக் காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் விரல் மூன்றாவது வரிசையில் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் டி4 பிஷப்பை எடுத்து ஈ3-இல் வைத்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிஷப் ஈ3-இல் உட்கார்ந்ததும் ராணியின் பார்வை மறைந்தது. ராணியால் அதை வெட்டினால் குதிரை ராணியை வெட்டும். சி1 பிஷப்பால் வெட்டினால், வெட்டிய அந்த வெள்ளை பிஷப்பே ஈ3-இல் நின்று ராணியை மறைக்கும், மறுபடி ஹெச்3-இல் ராணி, ராஜா ஜி1-க்கு ஓடினால் ஜி2-இல் மேட். யார் வெட்டினாலும் அந்தக் கட்டம் அடைத்தபடியேதான் இருக்கிறது.

ஜனவரி 26, காலை 8.00

அவள் தானாகக் கண்டுபிடித்தாளா, நான் ஏதாவது துப்புக் கொடுத்தேனா என்று கேட்டவருக்கு: மூன்றாவது வரிசையைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அந்த அளவுக்குத் துப்பு உண்டு.

பிப்ரவரி 2, இரவு 8.30

அடுத்த ஞாயிறு ஒரு போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறேன். இத்தனை நாள் எழுதியதில் ஆசை வந்துவிட்டது. கறுப்பில் மெரான் ஆடப்போகிறேன், 8…பிஷப் டி6. இம்முறை நோட்டு எடுத்துப் போகவில்லை. தினமும் ஒரு மணி நேரம் பலகையில் காய்களை வைத்து, எந்தெந்த நிலையில் சி5 தள்ள முடியும், எதில் முடியாது என்று மட்டும் பார்த்து வருகிறேன்.

பிப்ரவரி 9, இரவு 9.50

ஆடினேன். 1.டி4-இலிருந்து 5.ஈ3 பி8 குதிரை டி7 வரை எல்லாம் அப்படியே வந்தது. ஆறாவதில் அவர் பிஷப்பை டி3-க்குக் கொண்டு வராமல் ராணியை சி2-இல் வைத்தார். மெரானைத் தவிர்க்கும் வழி. சி4-இல் வெட்ட எனக்கு அவசரமில்லை, ஏனென்றால் அவருடைய பிஷப் இன்னும் நகரவே இல்லை, வெட்டினாலும் அதற்கு ஒரு நகர்த்தல் வீணாகாது. 6…பிஷப் டி6 ஆடினேன். 7.ஜி4 என்று சிப்பாயை என் மேல் எறிந்தார்!

பழைய நான் அங்கேயே கலங்கியிருப்பேன். இருபது நிமிஷம் யோசித்தேன். சி5 எப்போது வரும் என்ற ஒன்றைத்தான் தேடினேன். 17-ஆவதில் தள்ளினேன். பி7 பிஷப் திறந்தது. 46 நகர்த்தலில் டிரா. ஆட்டம் முழுதையும் நாளை எழுதுகிறேன், 31-ஆவதில் நான் ஒரு ஜெயிப்பை விட்டிருக்கிறேனோ என்று சந்தேகம். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.